சிறிய பெட்டியில் சிக்கனமான கேமிங் கணினி: உறுப்புகளை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

காரைக்குடியில் எந்தக் கணினிக் கடைக்குள் நுழைந்து கேமிங் கணினி வேண்டும் என்று சொன்னாலும், கடைக்காரர் முதலில் கேட்பது "பட்ஜெட் எவ்வளவு தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வி சரியானதுதான். ஆனால் அடக்கமான சிறிய கணினிக்கு அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும். பெட்டியை வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. பெரிய கேபினெட்டில் எந்த உறுப்பையும் ஏதோ ஒரு வகையில் பொருத்திவிடலாம். சிறிய கேபினெட்டில் பத்து மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்கிய பொருள் உள்ளே போகாது. உறவினர் வீட்டுப் பிள்ளைக்காக நான் முதன்முதலில் சேர்த்த சிறிய கணினியில், கிராபிக்ஸ் கார்டு (திரைக்கான படங்களை வரைந்து தரும் அட்டை) கேபினெட்டின் முன்விசிறியில் இடித்துக்கொண்டு நின்றது. திரும்ப எடுத்துக்கொள்ளக் கடையில் மறுத்துவிட்டார்கள். விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் கோடை முழுவதும் பக்கக் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினோம். அதனால் இந்த வழிகாட்டி அளவு நாடாவிலிருந்து தொடங்குகிறது.

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் பக்கத்துக் கடைகளில் மொத்தப் பெட்டியையும் "சி.பி.யூ." என்றே சொல்வார்கள், அந்தப் பெயருக்கு உரியது உள்ளே இருக்கும் பிராசஸர் என்னும் சில்லு மட்டுமே. பெட்டியைக் கேபினெட் என்றும், மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதியை எஸ்எம்பிஎஸ் என்றும், எல்லாவற்றையும் தாங்கும் பலகையை மதர்போர்டு என்றும் கேட்டால் கடையில் சரியான பொருள் கிடைக்கும். ஆகவே இங்கும் அச்சொற்களையே பயன்படுத்துகிறேன்.

ஏட்டில் நான்கு பத்திகள்

வாங்கத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதன் எதிரே விலை, அளவு, வாட், உத்தரவாதக் காலம் என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊரில் இதை விரிவாக விளக்க வேண்டியதில்லை. நான்கு பத்தியும் நிரம்பாத உறுப்பை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலோர் விலைப் பத்தியை மட்டும் நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

மானிட்டர், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றைச் சேர்க்காமல் பெட்டிக்கு மட்டும் ரூ.60,000 ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் ரூ.22,000 கிராபிக்ஸ் கார்டுக்கும், ரூ.18,000 பிராசஸர், மதர்போர்டு இரண்டுக்கும், ரூ.12,000 ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பகுதி) இரண்டுக்கும், எஞ்சிய ரூ.8,000 எஸ்எம்பிஎஸ், கேபினெட் இரண்டுக்கும் என்று பிரிப்பது என் வழக்கம். இவை விலைகள் அல்ல, வரம்புகள். கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும். குறிப்பாக 2025 இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருப்பதால், மூன்றாம் தொகைதான் முதலில் வரம்பை மீறும். அப்போது கேபினெட்டின் கண்ணாடிக் கதவையும் வண்ண விளக்குகளையும் விட்டுக்கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் தொகையில் கை வைக்காதீர்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

முதல் படி: இடமும் மின் இணைப்பும்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள், பொருள்களைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. சுவர் தடிமன் மிகுதி, சன்னல் குறைவு, பல அறைகளில் கதவைச் சாத்தினால் காற்று வருவதற்கு வழியே இராது. அத்தகைய அறையில், இருக்கும் இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துச் சுவர் மாடத்துக்குள்ளோ தேக்கு அலமாரிக்குள்ளோ கணினியை வைத்துவிடுவார்கள். ஒரு கணினி மின் இணைப்பிலிருந்து எடுக்கும் 300 வாட்டும் முடிவில் வெப்பமாகவே வெளியேறுகிறது. மூன்று பக்கமும் மூடிய மாடத்தில், பெட்டி வெளியே தள்ளிய சூடான காற்றைத் தானே மறுபடியும் உள்ளிழுக்கும். பதினைந்து நிமிடத்தில் விசிறிகள் இரையத் தொடங்கி, பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்பத்தா, "பொட்டிக்குள்ள என்னப்பா ஊதுது?" என்று கேட்டது இப்படி ஒரு மாடத்துக்கு முன்னால் நின்றுதான்.

எனவே மேசைமேல் அல்லது தாழ்வான பலகைமேல் இடம் பாருங்கள். பெட்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 10 செ.மீ. விட்டு, எஞ்சும் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து தாளில் எழுதுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாக வைக்க வேண்டாம். அந்தத் தரையை நாள்தோறும் ஈரத்துணியால் துடைப்பார்கள் என்பது ஒரு காரணம். நம் செம்மண் தூசி தரைமட்டத்தில்தான் அதிகம் அலைகிறது என்பது இன்னொன்று. காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை உள்ள கேபினெட் மட்டுமே இங்கே தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு. பழைய வயரிங் உள்ள வீடுகளில் இரண்டு துளை பிளக் பாயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. மூன்று துளை உள்ள இடங்களிலும் மேல்துளைக்கு வயர் போகாமலே இருப்பதுண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தை எர்த் வழியாகத் தரைக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் அது பெட்டியின் உலோகத்தில் தங்கி, 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியளவு மின்னழுத்தத்தைக் காட்டும். செருப்பில்லாமல் தரையில் நின்று தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுவது அதுதான். இந்தக் கசிவு தனியாக ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே உண்மையான பழுது ஏற்படும் நாளில் காப்பாற்றவும் எதுவும் இராது. உறுப்புகளுக்குப் பணம் கட்டும் முன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட்டும் காட்டுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் துளையை நியூட்ரலோடு முடிச்சுப்போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அது இருந்ததைவிட ஆபத்தானது.

இரண்டாம் படி: மானிட்டர்

கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மானிட்டர். 1920 × 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560 × 1440 திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்து தர வேண்டும். நம் தொகைக்கு முதல் வகையே பொருந்தும். 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 முறை திரை புதுப்பிக்கப்படும்) அல்லது அதற்கு மேல் உள்ள 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் போதும். வீட்டில் ஏற்கெனவே 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தால் இப்போதைக்கு அதையே வைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

மூன்றாம் படி: கிராபிக்ஸ் கார்டு

மொத்தத் தொகையில் பெரும்பங்கு இதற்கே போவதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்டு வாங்குவதா, வேண்டாமா என்பதிலிருந்தே தொடங்கலாம்.

கார்டே இல்லாமலும் சிறிய கணினி உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, 2024இல் வந்த ரைசன் 5 8600ஜி போன்ற பிராசஸர்களுக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. வேலரன்ட், மைன்கிராஃப்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளுக்கு 8600ஜி தாராளம். 5600ஜியும் தரத்தைக் குறைத்து வைத்தால் சமாளிக்கும். பெட்டி மிகச் சிறியதாகும். மின்செலவும் வெப்பமும் குறையும். ஆனால் புதிய பெரிய விளையாட்டுகள் வேண்டுமென்றால் இந்த வழி ஏமாற்றம் தரும். பின்னால் கார்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் இதை வாங்குவோர், கார்டுக்கு இடமும் எஸ்எம்பிஎஸ் வாட்டும் இருக்கும்படி இப்போதே வாங்க வேண்டும்.

கார்டு வாங்குவது என்று முடிவு செய்தால், முதலில் பார்க்க வேண்டியது அதன் நினைவக அளவு. 4 ஜிபி நினைவகம் உள்ள கார்டுகள் இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாதவை. 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 எனக்கு இன்றும் பிடித்த சிக்கனக் கார்டு: 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஓர் எட்டு ஊசி மின் இணைப்பு. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, 115 வாட்டிலேயே அதைவிட வேகமாக ஓடும். சிறிய பெட்டிக்கு வேகத்தைவிட அந்தக் குறைந்த வாட்தான் பெரிய தகுதி. இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருந்தாலும் அது 190 வாட் எடுக்கும். மதர்போர்டில் பிராசஸர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதியும் இருந்தாக வேண்டும். வேகம் குறைந்த பழைய பிராசஸரோடு அது சரியாக ஒத்துப்போவதும் இல்லை. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பெயரால் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் விற்கப்படுகின்றன. 2024இல் வந்த 6 ஜிபி வகை நினைவகத்தில் மட்டுமின்றி வேகத்திலும் குறைந்தது. ஆனால் அது 70 வாட்டில் ஓடுவதால், தனி மின் வயரே இல்லாமல், மதர்போர்டின் துளை தரும் 75 வாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அது எங்கே பயன்படும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். இரண்டாவது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. தரவு ஓடும் 16 தடங்கள் உள்ள துளையில் அது நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு செருகும் அந்தத் துளையின் தரம்) 3.0 மட்டுமே உள்ள மதர்போர்டில் அந்த நான்கு தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். விலை குறைவாக இருக்கிறதென்று அதைச் சிக்கன மதர்போர்டோடு சேர்த்தால் இரு பக்கமும் நட்டம்.

கார்டின் பெயரை முடிவு செய்த பிறகு, எந்த நிறுவனத்தின் எந்த வடிவம் என்பதைப் பாருங்கள். ஒரே ஆர்எக்ஸ் 6600 சில்லை வைத்து, இரண்டு விசிறியோடு 200 மி.மீ.க்கும் குறைந்த நீளத்தில் செய்பவர்களும் உண்டு. மூன்று விசிறியோடு 280 மி.மீ. அளவில் செய்பவர்களும் உண்டு. விளையாட்டு வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சொற்பம். நீளத்தோடு தடிமனையும் எழுதுங்கள்: ஒரு துளை இடம் ஏறத்தாழ 20 மி.மீ.; இரண்டு துளை கார்டு 40 மி.மீ. இந்த இரண்டு எண்களும் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும்.

நான்காம் படி: கேபினெட்டும் மதர்போர்டு அளவும்

சிறிய கணினி என்றதும் எல்லோரும் மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டைத் தேடுகிறார்கள். 170 மி.மீ. சதுரமான இந்த அளவை 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்தது. அழகானது, கைக்கு அடக்கமானது, விலை மிகுந்தது. அதே வசதிகள் உள்ள மைக்ரோ-ஏடிஎக்ஸ் மதர்போர்டு 244 மி.மீ. சதுரத்தில் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மினி-ஐடிஎக்ஸ் கேபினெட்டுகளில் பலவற்றுக்கு எஸ்எஃப்எக்ஸ் என்னும் சிறிய எஸ்எம்பிஎஸ் தேவை. அதுவும் சாதாரண வகையைவிட விலை கூடியது. மதர்போர்டில் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்று, கேபினெட்டில் ஒன்று என மூன்று இடத்தில் கூடுதலாகக் கொடுக்கும் பணம், கிராபிக்ஸ் கார்டை ஒரு படி மேலே உயர்த்தப் போதுமானது. சிக்கனம்தான் முதல் நோக்கம் என்றால் மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்பதே என் தீர்ப்பு. ஊருக்கும் விடுதிக்கும் பையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய மாணவருக்கு மட்டும் மினி-ஐடிஎக்ஸ்ஸுக்கு நியாயம் உண்டு.

எத்தனை சிறியது என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் லிட்டரில் கணக்கிடுங்கள். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 460 × 215 × 450 உள்ள வழக்கமான கேபினெட் 44.5 லிட்டர், 380 × 205 × 370 உள்ள மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினெட் 28.8 லிட்டர், 250 × 170 × 300 உள்ள மினி-ஐடிஎக்ஸ் பெட்டி 12.75 லிட்டர். நடுவில் உள்ளதைத் தேர்ந்தாலே இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிறது.

கேபினெட் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: கிராபிக்ஸ் கார்டின் அதிகபட்ச நீளம், பிராசஸரின் வெப்பத்தைத் தணிக்கும் கூலரின் அதிகபட்ச உயரம், எஸ்எம்பிஎஸ்ஸின் அதிகபட்ச நீளம். கார்டு நீளத்தை முன்விசிறி இல்லாத நிலையில் அளந்து எழுதுவோர் உண்டு. ஒரு விசிறியின் தடிமன் 25 மி.மீ.; அதைக் கழித்த பிறகு உங்கள் கார்டுக்கு மேல் இன்னும் 10 மி.மீ. எஞ்ச வேண்டும். தொடக்கத்தில் சொன்ன தவறு எனக்கு நேர்ந்தது இந்த 25 மி.மீ.யில்தான். கூலரைப் பொறுத்தவரை, ரைசன் 5 5600 உடன் பெட்டியிலேயே வரும் கூலர் 54 மி.மீ. உயரமே உள்ளது, 120 மி.மீ. விசிறியுள்ள கோபுரக் கூலர்கள் 150 மி.மீ.யைத் தாண்டும். அகலம் குறைந்த கேபினெட்டில் அவற்றை வைத்தால் பக்கக் கதவு மூடாது.

முன்பக்கம் முழுவதும் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கும் கேபினெட் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். சித்திரை மாதத்தில் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும் ஊரில், முன்பக்கம் சல்லடையாக உள்ளதையே வாங்குங்கள்.

அலுவலகக் கணினியைத் திருத்திக்கொள்வது

கையில் ரூ.60,000 இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் மெலிந்த கணினிகள் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் அரை உயரக் கார்டுகள் மட்டுமே நுழையும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் கார்டுக்கான தனி வயர் பெரும்பாலும் இராது. மேலே சொன்ன 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டின் அரை உயர வடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் உள்ளவற்றை வாங்காதீர்கள். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இவற்றின் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவங்களில் இருப்பதால், ஒன்று பழுதானால் கடையில் கிடைப்பதை மாட்ட முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பிராசஸர்

1080 திரைக்கும் மேலே சொன்ன கார்டுகளுக்கும் ஆறு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசஸர் போதும். இன்டெல் கோர் ஐ5-12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 5600 இரண்டும் இந்த விலையில் நேர்மையான தேர்வுகள். இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்). தொகை இறுக்கமாக இருந்தால் நான்கு கோர் உள்ள ஐ3-12100எஃப்கூட ஆர்எக்ஸ் 6600ஐ வீணாக்காது. எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று கடையில் ஆசைகாட்டினால், அந்தப் பணத்துக்குக் கார்டு எவ்வளவு உயரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ரைசன் வரிசையில் எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 5600க்கு 32 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக) நினைவகமும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வசதியும் உண்டு. 5500க்கு 16 எம்பியும் 3.0வும் மட்டுமே. இன்டெல்லில் எண்ணின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். கார்டு வந்து சேரும்வரை திரையில் ஒன்றும் தெரியாது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் அமரும் இடம்) பழையது. அதில் இனி மேலே ஏற இடம் குறைவு. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு எதிர்காலம் உண்டு, ஆனால் அது டிடிஆர்5 என்னும் புதிய வகை ராமை மட்டுமே ஏற்கும்; மதர்போர்டும் விலை கூடியது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குப் பிராசஸரை மாற்றப் போவதில்லை என்பவர் பழைய சாக்கெட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

ஆறாம் படி: ராமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ராம் வேண்டும். அதை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு தடத்திலும் தரவு ஓடினால்தான் முழு வேகம் கிடைக்கும். கார்டு இல்லாத 5600ஜி, 8600ஜி கணினிகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும், ஏனெனில் அங்கே கிராபிக்ஸ் பகுதிக்கும் இதே ராம்தான் நினைவகம். டிடிஆர்4 என்றால் 3200 வேகம் போதும்.

எஸ்எஸ்டியில் 22 × 80 மி.மீ. அளவுள்ள என்விஎம்இ வகையை, இயன்றால் 1 டிபி கொள்ளளவில் வாங்குங்கள். ஒரே விளையாட்டு 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் 500 ஜிபி விரைவில் நிரம்பிவிடும்.

ஏழாம் படி: எஸ்எம்பிஎஸ்ஸும் மின்வெட்டும்

கேபினெட்டோடு இலவசமாக வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகர டப்பாவைப்போல எடையில்லாமல் இருக்கும். மேலே ஒட்டிய எண் அது உண்மையில் தரும் மின்திறன் அன்று. மற்ற உறுப்புகள் பழுதானால் தனியாக நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். அதனால்தான் இதன் தொகையில் கை வைக்க வேண்டாம் என்றேன்.

வாட் பத்தியைக் கூட்டுங்கள். ஐ5-12400எஃப் அதிகபட்சம் 117 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று கொண்டால் 299 வாட். இதற்கு மேல் பாதியளவு இடம்விட்டு 500 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் போதும். 750 வாட் வாங்குவதால் வேகம் கூடாது. 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரையும், குறைந்தது ஐந்தாண்டு உத்தரவாதமும் உள்ளதைத் தேடுங்கள். முத்திரை மின்சிக்கனத்தை மட்டுமே சொல்லும். தயாரிப்பாளர் தன் பொருளை எவ்வளவு நம்புகிறார் என்பதை உத்தரவாத ஆண்டுகள் சொல்லும். சிறிய கேபினெட்டில் தேவையற்ற வயர்களைக் கழற்றி வைக்கக்கூடிய மாடுலர் வகை வசதியானது, ஆனால் கட்டாயமில்லை.

நம் பக்கத்தில் மின்வெட்டும் கோடைக்காலக் குறைமின்னழுத்தமும் புதியவை அல்ல. 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் தரும். மேற்கண்ட கணினியைச் சேமித்து அணைக்க அது போதும், ஆனால் மானிட்டரையும் சேர்த்து முழு வேகத்தில் விளையாடும்போது வரம்பைத் தொட்டுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதன் பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். மின்சாரம் நின்றபின் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு 16 மில்லி விநாடி அளவுக்கே தாங்கும். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறுவதால் கணினி அணைந்து மீண்டும் எழும். சதுர அலை இன்வெர்ட்டரைவிட சைன் அலை இன்வெர்ட்டர் இதற்கு நல்லது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் ஊர் காரைக்குடி. மின்கல ஆய்வுக்கு அது பெயர் பெற்றது. அந்த ஊரிலேயே யூபிஎஸ் பாட்டரி செத்து ஓராண்டாகியும் மாற்றாத வீடுகளை நான் நிறையவே பார்க்கிறேன்.

எட்டாம் படி: எங்கே, எப்படி வாங்குவது

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள கடைகளில் ராம், எஸ்எஸ்டி, மானிட்டர் ஆகியவை நியாய விலையில் கிடைக்கும். மைக்ரோ-ஏடிஎக்ஸ் கேபினெட்டும் குறிப்பிட்ட அளவுக் கார்டும் வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கலாம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதென்றால், காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பல்லவன் விரைவு ரயிலில் போய்ச் சேர நண்பகலாகிவிடும். அன்றே அதில் திரும்ப நினைத்தால் கடைகளில் சுற்ற மூன்று மணி நேரம்கூடத் தேறாது. தாளை முழுமையாக நிரப்பிக்கொண்டு, தொலைபேசியில் இருப்பைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கூரியரில் வரவழைப்பவர்கள் பெட்டியைப் பிரிப்பதை ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். பில்லில் உங்கள் பெயரும், ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, வரிசை எண் இல்லாத பில்லால் மூன்றாண்டு உத்தரவாதம் முதல் ஆண்டிலேயே பயனற்றுப் போனது. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், விற்பவரின் கணினியிலேயே அரை மணி நேரம் ஒரு கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த விலை நமக்கு வேண்டாம்.

பழைய இருப்பில் உள்ள ஏஎம்4 மதர்போர்டுகளில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கப்படாமல் இருந்தால் ரைசன் 5000 வரிசையை அது அடையாளம் காணாது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

கல்யாண வீட்டில் சாமான் பரப்புவதைப்போல, எல்லா உறுப்புகளையும் மேசைமேல் பரப்பித் தாளோடு ஒப்பிடுங்கள். நேரடியாகக் கேபினெட்டுக்குள் திருகாமல், மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ராம், எஸ்எஸ்டி, கார்டு ஆகியவற்றை மட்டும் இணைத்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். சிறிய கேபினெட்டுக்குள் பொருத்திய பிறகு கண்டுபிடிக்கும் பழுதுக்கு, எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். கூலரோடு வரும் வெப்பப் பசை முன்பே தடவப்பட்டிருந்தால் மேலும் தடவ வேண்டாம். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். "கார்டு வேலை செய்யவில்லை" என்று எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த ஒரு வயரால்தான்.

பயாஸுக்குள் போய், எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்குங்கள். இல்லையேல் 3200 வேக ராம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயக்கத்தில் இருக்கட்டும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் விளையாட இரண்டும் கட்டாயம்.

கடைசியாக, வெயில் ஏறிய பிற்பகலில், அறைக் கதவை வழக்கம்போல் சாத்திக்கொண்டு, இருப்பவற்றில் கனமான விளையாட்டை ஒரு மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் 85 டிகிரிக்குள் நின்றால், பக்கக் கதவின் திருகுகளை இறுக்கிவிடலாம்.